மங்களத்துக்கு எழுந்து நிற்பவர்

எங்கள் மூத்த அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அண்ணனை மேடையில் பார்த்திருப்பீர்கள், அல்லது வானொலியில் கேட்டிருப்பீர்கள். வீட்டு வாசலில் நின்று அவருக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கதையை எழுதும் பொறுப்பைத் தங்கையாகிய என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தோவாளையில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது இரணியலில், அப்பாவின் ஜவுளிக் கடையில். வந்தவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்டுவதைவிட, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜநடை நடந்து காட்டுவதில்தான் அவருக்கு ஆசை. சுதந்திரம் வந்த வருஷம், நாகர்கோவிலில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அப்பா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கூத்தாடிக்கு எவன் பெண்ணு கொடுப்பான்?" என்பது அவர் கவலை. கொடுத்தார்கள். அண்ணன் மனைவியாக எங்கள் மைனி வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கவலை தீர்ந்தது, மைனியின் கவலை தொடங்கியது.

கம்பெனியில் அண்ணனுக்குக் கிடைத்ததெல்லாம் சாகிற வேஷம். முதலில் சாகிற சேவகன், பிறகு சாகிற மந்திரி, அப்புறம் சாகிற ராஜா. அவருக்குப் பதவி உயர்வு இப்படித்தான் வந்தது. "விழுகதுல அவன மிஞ்ச ஆள் கிடையாது" என்று கம்பெனி வாத்தியாரே சொல்வார். கல்யாணமான புதிதில் மைனியை முதல்முறையாக நாடகத்துக்கு அழைத்துப் போனோம். அண்ணன் வாளை வயிற்றில் வாங்கிக்கொண்டு சரிந்ததும் மைனி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"எந்திரிக்கல்லியே மக்கா. அவ்வோ இன்னும் எந்திரிக்கல்லியே" என்று நாடகம் முடியும்வரை என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எந்த நாடகமானாலும் கடைசியில் நடிகர்கள் எல்லோரும் வேஷத்தோடு வரிசையாக நின்று மங்களம் பாடுவார்கள். செத்தவர்களும் எழுந்து வந்து பாடுவார்கள். அண்ணனும் வயிற்றில் சிவப்புச் சாயத்தோடு வந்து நின்று, எங்கள் பக்கம் பார்த்துப் பாடினார். அப்போதுதான் மைனி என் கையை விட்டார்.

அன்று முதல் அது எங்கள் வீட்டுச் சட்டமானது. எந்த ஊரில் நாடகம் முடிந்து வந்தாலும் மைனி செம்பில் தண்ணீரோடு படியில் நின்று, "மங்களம் பாடியாச்சா?" என்று கேட்பார். "பாடியாச்சு" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் கால் கழுவத் தண்ணீர் கிடைக்கும். நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அம்மா மட்டும் செய்ததில்லை. "செத்த வேஷத்தோட வீட்டுக்குள்ள கேறப்பிடாது. அவ கேக்கது சரியாக்கும்" என்பார்.

சினிமாக் கொட்டகைகள் பெருகி நாடகக் கம்பெனி நொடித்தபோது, அண்ணனுக்குத் திருவனந்தபுரம் வானொலியில் வாய்ப்பு வந்தது. வாரம்தோறும் தொடரும் ஒரு தமிழ்க் குடும்ப நாடகம். அதில் அண்ணன் நான்கு பெண்களைப் பெற்ற ஒரு குமாஸ்தா. எங்கள் வீட்டை ஒட்டிய வாசகசாலையில் ரேடியோ இருந்தது. ஆண்கள் உள்ளே இருந்து கேட்பார்கள், பெண்கள் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கேட்பார்கள். அண்ணன் தெருவில் நடந்தால், "என்ன வேய், மூத்தவளுக்கு மாப்பிள்ள அமஞ்சுதா?" என்று பெரியவர்கள் நிறுத்திக் கேட்பார்கள். அண்ணனுக்கு அப்போது ஒரு குழந்தைகூடக் கிடையாது. ஆனாலும் முகம் மாறாமல், "பாத்துக்கிட்டிருக்கேன் வேய்" என்று சொல்லிவிட்டு வருவார்.

மைனிக்கு அந்த நாட்களில்தான் கொஞ்சம் நிம்மதி. "குமாஸ்தா என்ன, சண்டைக்கா போகப் போறாரு?" என்பார்.

ஒரு வாரம் நாடகத்தில் குமாஸ்தா இறந்துபோனார். பழைய கம்பெனியை மறுபடி கூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் வானொலியிலிருந்து விலகக் கேட்டிருக்கிறார். கதை எழுதியவருக்குக் குமாஸ்தாவைக் கொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அன்று எங்களுக்குக் கேட்டது அண்ணனின் குரல் மட்டும்தான். கடைசி மகளைக் கூப்பிட்டது, பாதியில் நின்றது. அழுகைச் சத்தம் கேட்டது. அது அடங்கிய கையோடு, வாழைக்கு உரம் போடுவது எப்படி என்று வேறு ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார்.

மைனி என்னைப் பார்த்தார். "மங்களம் எங்க மக்கா?"

"ரேடியோவில அதெல்லாம் கிடையாது மைனி" என்றேன்.

அடுத்த நாள் மேலத்தெரு அத்தை ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாவு வீட்டுக்கு வருவதுபோலத் துட்டி கேட்க வந்துவிட்டார். குமாஸ்தாவின் நாலு பெண்களையும் நினைத்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எம் பிள்ள உயிரோட இருக்காம்லா. எந்திரிச்சுப் போங்க முதல்ல" என்று வாசலைக் காட்டினார். அத்தையை அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அவரே அழுதார்.

அன்று மாலை வரவேண்டிய அண்ணன் வரவில்லை. தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் முற்றியிருந்த சமயம் அது. தக்கலைக்கு மேற்கே பஸ் ஓடவில்லை. துப்பாக்கிச் சூடு என்றார்கள். ஆள் செத்தது உண்மை என்றார்கள், யார் எவர் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அப்பா கடையை அடைத்துவிட்டுத் தக்கலைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தோம். மைனி மட்டும் படியில் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பார், வெயில் பட்டுச் சுட்டதும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "அவ்வோ வந்து பாடட்டும்" என்பார்.

அதற்கு மறுநாள் வெயில் தாழும் நேரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு கருவாட்டு வண்டி வந்து நின்றது. கடியப்பட்டணத்து வியாபாரி சவரிமுத்து அண்ணாச்சி, திருவனந்தபுரத்தில் கருவாட்டை இறக்கிவிட்டு, கடலோர வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். காலிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து அண்ணன் இறங்கினார். தெருவே மூக்கைப் பிடித்தது. அம்மா ஓடிப்போய் அவர் முகத்தைத் தடவினார். மைனி படியை விட்டு இறங்கவில்லை.

"மங்களம் பாடியாச்சா?"

"அங்க ஏதுட்டி மங்களம்? மைக்க அணைச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு."

"அப்போ இங்க பாடுங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. கருவாட்டு வாடையோடு தெருவில் கைகூப்பி நின்று, மேடையில் பாடுவதுபோலவே முழுக்கப் பாடினார். சவரிமுத்து அண்ணாச்சி தலைத் துண்டை எடுத்துவிட்டு நின்றார். மேலத்தெரு அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் மைனி தண்ணீரைக் கொடுத்தார், பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் அண்ணன் வானொலிக்குப் போகவில்லை. மறுபடி கூடிய கம்பெனியில், முதல்முறையாகக் கடைசிவரை சாகாத வேஷம் கிடைத்தது. அந்த வேஷத்தில்தான் சென்ற வருஷம் ஊர் ஊராகப் போனார். திரும்பி வரும்போது காய்ச்சலோடு வந்தார். விஷக் காய்ச்சல் என்றார் டாக்டர். "பாடியாச்சு" என்று அவர் சொன்னதுகூட மைனிக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. எடுத்துப் போனபின் பார்த்தேன், படியில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தொட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இராப்பகல் உடனிருந்த கம்பெனி நண்பர்களுக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும், அன்று போல இன்றும் எங்களுக்குத் துணை நிற்கும் சவரிமுத்து அண்ணாச்சிக்கும், நெய்யூர்ச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் மைனியை எட்டிப் பார்க்கும் மேலத்தெரு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தாரின் நன்றி.

நினைவு நாள் மாலையில் கம்பெனி நண்பர்கள் அண்ணனின் நாடகம் ஒன்றை நடத்தித் தருகிறார்கள். மைனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டேன்.

"வாறேன் மக்கா. ஆனா மங்களத்துக்கு முந்தி எந்திரிச்சிருவேன்" என்றார்.

எல்லோரும் வந்து சிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். நாடகம் முடிகிற சமயத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தால், ஏன் என்று கேட்காமல் வழிவிடுங்கள்.