கூடை ஏறியாச்சு

நேற்று ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி கிளம்பியது. கண்டக்டர் வாயே திறக்கவில்லை. ஒரு விசில், கதவு தானாக மூடிக்கொண்டது. என் தொண்டைக்குள் ஒரு சொல் வந்து நின்றுவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த கையோடு, ஜவ்வாது மலை பஸ்ஸில் கண்டக்டரானவன் நான். படித்த இங்கிலீஷ் அத்தனையிலும் எனக்குச் சோறு போட்டது ‘ரைட்’ ஒன்றுதான். இழுத்துச் சொன்னால், மெதுவாக எடு, படியில் ஆள் இருக்கிறது. வெட்டி இரண்டு முறை சொன்னால், விரட்டு. டீக்கடைப் பேச்சை முடிக்கவும் அதுதான். மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். என் சொல்லுக்குத்தான் வண்டி நகரும். அது ஒரு போதை, கேளுங்கள்.

மலையில் ஒரு வழக்கம். கூடை முதலில் ஏறும்; ஆள் பிறகு சாவகாசமாகச் சரிவில் இறங்கி வரும். கூடை ஏறிவிட்டால் ஆள் ஏறிய மாதிரி. புளி வாசனையோடு வண்டி மொத்தமும் காத்திருக்கும்.

ஒரு நாள் காலை அப்படி ஒரு கூடை ஏறியது. கேழ்வரகு மாவு, மேலே துவைத்து மடித்த பழைய புடவைத் துணி. பக்கத்துப் பெரியவர் சொன்னார்: “மவளுக்குப் பேறுகாலங்க. கீழ ஆஸ்பத்திரில தனியா கெடக்குது. தோ, அம்மாக்காரி வர்றா.”

சரிவில் அந்த அம்மாள் தெரிந்தார். கையை உயர்த்தினார். முந்தின நாள் தாமதத்துக்குத் திட்டு வாங்கியிருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. வண்டி யாருக்காக நிற்கும் என்பது என் கையில் இருக்கிறது என்று காட்ட ஆசை. வெட்டி இரண்டு முறை சொன்னேன். கூடையோடு வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம், கீழே ஒடுகத்தூர் ஸ்டாண்டில் திரும்ப மலையேற நின்றபோது அந்த அம்மாள் வந்தார். அன்று வேறு பஸ் கிடையாது; காட்டுப் பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறார். கால் முழுக்கப் புழுதி. கூடையை நீட்டினேன்.

“நா வர்றதுக்குள்ள பெத்துட்டா சாமி. கையப் புடிக்க ஆளில்லாம அயுதுகினே பெத்திருக்கா.” கூடையை வாங்கி இடுப்பில் வைத்தார். “இத மட்டும் பத்திரமா கொண்டாந்து சேத்துட்ட.”

டிரைவர் அண்ணனிடம் ஆறுதல் தேடினேன். பீடியைப் பற்றவைத்தபடி, “இன்னா பண்றது? நீ சொன்ன, நா எடுத்தேன்” என்றார்.

அதன் பிறகும் பல வருடம் அதே சொல்லை அதே குரலில் சொன்னேன். சரிவைப் பார்க்காமல் மட்டும் சொன்னதில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்தே அந்த நிறுத்தத்தில் எல்லோரும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டி வருமுன்னே வந்து நின்றார்கள். நான் இருந்தவரை, அங்கே ஒரு கூடைகூடத் தனியாக ஏறவில்லை.