கட்டியைச் சுற்றியிருந்தது

வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது என் பிழைப்பு. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருடமாக இதே வேலை. நீங்களும் எங்காவது அடுத்தவர் கோணலாகச் செய்ததை நிமிர்த்திக்கொண்டிருப்பவர்தானே? என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

தோலுரித்த கட்டி

போன மாதம் ஒரு மதியம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணியின் ஈரல் கட்டி வந்தது. சுற்றிலும் ஒரு விரல் அகலம் நல்ல ஈரலோடு சேர்த்து வெட்டியதாகச் சர்ஜன் சீட்டில் எழுதியிருந்தார். டப்பாவைத் திறந்தால் கட்டி மட்டும் மொழுமொழுவென்று கிடக்கிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அது புற்றுநோய்தானா என்று கட்டியே சொல்லிவிடும். பரவுமா என்று தெரிய அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஈரலைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. சாதாரண நாளில் பரம சாது. புற்றுநோய் பக்கத்தில் வந்தால் கட்சி மாறிவிடும். நார் நாராகப் பின்னி, அதற்குத் தீனி போட்டு, வெளியே போக வழியும் விடும். ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் சேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டப்பா வாயி இத்தினூண்டு கீது, எப்டிக்கா பூரும்? சுத்தி இருந்த கலீஜெல்லாம் கழிச்சிட்டுத்தான் போட்டேன்."

மஞ்சள் பை

அவர் அழுக்கென்று கழித்ததுதான் எனக்கு வேண்டும். ஓடினேன். ஆஸ்பத்திரிக் கழிவு நிரப்பிய மஞ்சள் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அந்தோணியின் ஈரல் எரிக்கப் போயிருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு தியேட்டர் பையைப் பிரித்து, ரத்தப் பஞ்சுக்கு நடுவில் நாலு துண்டுகளைப் பொறுக்கினேன். அன்று ஈரல் ஆபரேஷன் அது ஒன்றுதான், ஆள் மாறும் பயமில்லை. வண்டிக்காரர் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"குப்பையைத் தேடிகினு வந்த மொத ஆளு நீதாம்மா."

ஸ்டோர் நியாயம்

அகலவாய் டப்பா கேட்டு ஸ்டோருக்கு நான் எழுதாத கடிதம் இல்லை. இந்த முறை நேரிலேயே போய் நின்றேன். ஒரு மனுஷனின் ஈரல் குப்பைக்குப் போன கதையை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். ஸ்டோர்காரர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"டப்பா பெருசா குடுத்தா டாக்டருங்க பெருசா வெட்டுவாங்கம்மா."

பிலோமினா கேட்டது

நான் பொறுக்கி வந்த துண்டுகளில் துணைச் செல்கள் தடித்துப் போயிருந்தன. பக்கத்திலிருந்த பொடி ரத்தக்குழாயில் புற்றுச் செல்கள் ஏற்கெனவே நுழைந்திருந்தன. கட்டியை மட்டும் பார்த்திருந்தால் 'முழுதாக எடுத்தாயிற்று' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இப்போது அந்தோணிக்கு மேல்சிகிச்சை உண்டு, அடிக்கடி ஸ்கேன் உண்டு. நோய் மீண்டும் தலைதூக்கினால் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம்.

ரிப்போர்ட் வாங்க அவர் மனைவி பிலோமினா வந்தார். நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டேன். அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அதுவும் எங்க வூட்டுக்காரரு ஈரலுதானேம்மா, யாரைக் கேட்டு கலீஜுன்னு தூக்கிப் போட்டாங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே எழுதி ஸ்டோருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை, மஞ்சள் பை வண்டி கிளம்பும் நேரம் எனக்கு மனப்பாடம்.