உடைக்கப்படாத பன்னிரண்டு கற்கள்

அந்தப் புகைப்படத்தில் மாணவி கையில் வைத்திருந்த கல் என்னுடையது அல்ல. எனக்கு அது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த பன்னிரண்டு கற்களையும் நானே பொறுக்கியிருந்தேன். அழுக்கு வெள்ளையில், முண்டும் முடிச்சுமாக அப்படி ஒரு கல்லை நான் எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை.

நான் நிலவியல் படித்தவள். சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்குப் புவி அறிவியல் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். இரண்டு நாள் பயிற்சி. முடிவில் பள்ளிக்கு ஒரு பெட்டி: பன்னிரண்டு கற்கள், ஒரு சிறு சுத்தியல், ஒரு கைலென்ஸ். அந்த இரண்டு நாளும் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். கல்லின் மேல்தோல் வெயிலும் மழையும் பட்டு மாறிப்போனது, அதை உடைத்து உள்ளே பார்த்தால்தான் அதன் நிறமும் மணிமணியான அமைப்பும் தெரியும், ஆகவே பிள்ளைகளை உடைக்க விடுங்கள்.

அதன்பின் மாதம் ஒரு படிவம் வர வேண்டும். 'கல் பெட்டி பயன்படுத்தப்பட்டதா? ஆம் / இல்லை. எத்தனை முறை?' கூடவே வாட்ஸப்பில் ஒரு புகைப்படம்.

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி ஒரு நடுநிலைப்பள்ளியில் இருந்து வந்த படிவங்களில் ஆறு மாதமும் 'ஆம், 4 முறை' என்றே இருந்தது. தேர்வு நடந்த மாதத்திலும் நான்கு. மழைக்கு விடுமுறை விட்ட மாதத்திலும் நான்கு. எழுதியவர் கடையநல்லூரில் இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் ஒரு டீச்சர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பயிற்சியின் இரண்டு நாளும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் முன்னதாகவே எழுந்து போனவர். ஆறு மாதத்தில் அவர் அனுப்பிய ஒரே படம் இந்தப் படம்தான்.

நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்று, பெட்டி தொலைந்திருக்கலாம். இரண்டு, யார் வீட்டுக்காவது போயிருக்கலாம். மூன்று, பெட்டி அங்கேயே இருக்கிறது, பாடம் நடக்கவில்லை, படம் வேறு எங்கிருந்தோ வாங்கி அனுப்பியது. மூன்றாவதற்குக் கீழே கோடு போட்டேன்.

திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "நேர்ல போயிப் பாரும்மா. பயன்படுத்தலைன்னா 'இல்லை'ல ஒரு டிக் போடு. மெமோ அனுப்புறத மேல பாத்துக்கிடுவாங்க."

மெமோ என்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில் மாறுதல் கலந்தாய்வு. அந்த டீச்சர் கடையநல்லூருக்கே மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருந்தார். மெமோ நிலுவையில் இருந்தால் பெயரை ஒதுக்கிவிடுவார்கள். தெரிந்துதான் கிளம்பினேன். பொய் எழுதியவரைப் பார்த்து நான் ஏன் சங்கடப்பட வேண்டும் என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியர் என்னைக் கண்டதும் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். "சொல்லாம கொள்ளாம வந்துட்டியளே, மேடம்."

"கல் பெட்டியைப் பார்க்கணும், சார்."

பீரோவைத் திறந்தார். பாலிதீன் உறை பிரிக்காத உலக உருண்டைக்குப் பின்னால் பெட்டி இருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "பாத்தியளா? நீங்க ஒட்டுன டேப்பு, அதுல நீங்க போட்ட கையெழுத்து, அப்படியே இருக்கு. ஒரு தூசி அண்ட விட்டிருக்கமா?"

பெருமையாகவே சொன்னார். நான் மனதில் கணக்குப் போட்டேன். ஆறு மாதம், மாதம் நான்கு. இருபத்துநான்கு பொய்.

ஏழாம் வகுப்பில் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார். "வாங்க மேடம். ஒரு போன் போட்டிருந்தா டீயாவது சொல்லி வச்சிருப்பேன்லா."

"பெட்டியைப் பார்த்துட்டுதான் வாரேன், டீச்சர்."

அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ இறங்கியது. உடனே சரியாகிவிட்டது. "அப்ப கேள்வி நெறைய இருக்கும். கேளுங்க."

"இருபத்துநாலு தடவை பயன்படுத்தினதா எழுதியிருக்கீங்க. டேப்பே பிரியலையே."

"டேப்பு பிரியல. பாடம் நடந்துச்சு." பின்பக்கம் திரும்பி, "ஏட்டி, ரெண்டு பேரு போயி மூடைய இழுத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டு மாணவிகள் ஓர் உரச்சாக்கைத் தரையில் இழுத்து வந்து கவிழ்த்தார்கள். எல்லாம் கல். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண். புகைப்படத்தில் இருந்த அழுக்கு வெள்ளைக் கல்லும் அதில் கிடந்தது. எல்லாமே உடைத்த கற்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது சோதனைக்கு வந்தால் காட்டுவதற்கென்று ஒரு சாக்கை நிரப்பி வைப்பது பெரிய வேலை இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உடைந்த கருங்கல்லின் விளிம்பு புதிதாக இருந்தால் விரலைக் கீறும். இவை மழுங்கியிருந்தன, கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தன. வெள்ளைக் கல்லின் மேல் சிறுசிறு குழிகள், எலுமிச்சைச் சாறு பலமுறை விழுந்த தடம். சாக்கில் கூடவே கிடந்த, கல்லை உரசி நிறம் பார்க்கும் தரை ஓட்டின் பின்பக்கத்தில் சிவப்பின் மேல் பழுப்பும் பழுப்பின் மேல் வெள்ளையுமாகக் கோடுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. இதை ஒரே நாளில் செய்துவிட முடியாது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. டீச்சரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"இது என்ன கல்?"

"சுக்கான் கல்லு, மிஸ். எங்க கெணத்து வெட்டுல கெடந்தது. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சா நொரைக்கும். பிழியட்டா?"

"சும்மா இருட்டி. அவங்க பரீட்சை வைக்காங்க."

"இது?"

"கருங்கல்லு. வெளிய சாம்பக் கலரு. உள்ள பாத்தா பச்சையும் கறுப்புமா இருக்கும். மினுக்குனு இருக்கது காக்காப்பொன்னு."

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், சுக்கான் கல்லு மாட்டு எலும்பு மிஸ். மண்ணுக்குள்ள கெடந்து கல்லாயிட்டு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. "இவ ஆறு மாசமா இதத்தான் சொல்லுதா, மிஸ்! டீச்சர் நொரைக்க வச்சுக் காட்டியும் கேக்க மாட்டேங்கா!"

அந்தத் தவறான பதில்தான் என்னை நம்பவைத்தது. சோதனைக்காகத் தயார் செய்த வகுப்பில் எல்லாரும் சரியாகவே சொல்வார்கள். ஆறு மாதம் சண்டை போட்ட வகுப்பில்தான் ஒருத்தி இன்னும் தோற்காமல் நிற்பாள்.

டீச்சரை உள்ளே அழைத்தேன். "இவ்வளவும் செஞ்சிருக்கீங்க. பெட்டியை மட்டும் ஏன் தொடலை?"

 டீச்சர், பின்னாலேயே வந்து நின்ற தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் போய் இருப்புப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். அந்தப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் தட்டச்சு செய்த தாள். கல் எண் 1, கருங்கல், 212 கிராம். கல் எண் 2, வெங்கச்சங்கல், 187 கிராம். இப்படிப் பன்னிரண்டு வரி. கீழே, 'மேற்கண்டவை சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்டன' என்று டீச்சரின் கையெழுத்தும் தலைமையாசிரியரின் கையெழுத்தும்.

எடை போட்டது நான்தான். பட்டியல் என்றால் அதில் ஓர் எண் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கடன் வாங்கிய ஆய்வகத் தராசில் ஒவ்வொரு கல்லையும் வைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக எழுதினேன். அந்த எண்ணுக்கு வேறு எந்த வேலையும் இல்லை.

"ஆடிட் வந்தா எடை போடுவாங்கல்லா?" என்றார் தலைமையாசிரியர். "உடைச்சா இருநூத்திப் பன்னெண்டு எங்கெருந்து வரும்?"

"கல்லை யார் சார் எடை போடப் போறாங்க?"

"யாரும் போட மாட்டாங்கன்னா நீங்க எதுக்கு எழுதுனிய?"

 டீச்சர் இப்போது வாய் திறந்தார். "ரெண்டு நாளு முன்னாடி நின்னுக்கிட்டு ஒடைங்க, ஒடைங்கன்னு சொன்னீங்க. கெளம்பும்போது கிராம் கணக்குல எழுதிக் கையெழுத்து வாங்குனீங்க. நாங்க எத நம்ப?"

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"நீங்க எங்க பக்கமா, மேல உள்ளவங்க ஆளான்னு எனக்கு எப்படித் தெரியும், மேடம்?"

"சரி. படிவத்துல ஏன் 'ஆம்'னு போட்டீங்க?"

"இல்லைன்னு போட்டா பாடமே நடத்தலன்னுதான் எடுத்துக்கிடுவாங்க. ஆம், இல்லை, ரெண்டுதானே வச்சிருக்கீங்க? ஏன்னு எழுத எடம் இருக்கா?" குரலைத் தணித்துக்கொண்டார். "மகளுக்குப் பத்தாவது. அவ வாப்பா துபாயில. காலையில ஆறு மணிக்கு அவளத் தனியா விட்டுட்டு பஸ் ஏறுதேன். இந்தத் தடவ மாறுதல் தப்பிப்போச்சுன்னா என்னால முடியாது, மேடம்."

பட்டியலில் எடையை மட்டும் அடித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தலைமையாசிரியர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுல கோடு போடப்படாது. எழுதணும்னா கீழ எழுதுங்க."

எழுதுவதற்கு ஒன்று நடந்தாக வேண்டும். டேப்பை நானே கிழித்தேன். முதல் கல்லைச் சாக்கின் மேல் வைத்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் பிளந்தது. தலைமையாசிரியர் சத்துணவுக் கூடத்துத் தராசைக் கொண்டு வரச் சொல்லி, துண்டுகளையெல்லாம் ஒரு செய்தித்தாளில் கூட்டி வைத்து நிறுத்தார். "பத்து கிராம் கொறையுதே. பெஞ்சுக்கு அடியில பாருங்க பிள்ளைகளா."

பிள்ளைகள் தேடினார்கள். கிடைத்ததெல்லாம் பழைய சாக்பீஸ். பதிவேட்டில் எழுதினேன்: கல் எண் 1 பாடத்துக்காக என்னால் உடைக்கப்பட்டது, பத்து கிராம் குறைவு, மற்ற பதினொன்றும் உடைப்பதற்காகவே கொடுக்கப்பட்டவை, எடைக் குறைவுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல. தலைமையாசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, என் முழுப் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார்.

அடுத்து என் படிவம். ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டுத் தாளைத் திருப்பினேன். பெட்டி இன்றுதான் பிரிக்கப்பட்டது. பிரிக்காததற்குக் காரணம் நான் கொடுத்த எடைப் பட்டியல். பாறைப் பாடம் மாணவர்கள் சேர்த்த கற்களை வைத்து நடந்திருக்கிறது, நேரில் சோதித்தேன். மாதப் படிவங்களில் 'பெட்டி பயன்படுத்தப்பட்டது' என்று எழுதியது தவறு.

டீச்சர் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசி வரி வேணுமா?"

"வேணும், டீச்சர். அது இல்லைன்னா மேல உள்ள மூணையும் நம்ப மாட்டாங்க."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு கைபேசியை எடுத்து, தாளின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்தார். "கோவிச்சுக்கிடாதீங்க. போற வழியில மாறிட்டுன்னா?"

"யார் மாத்தப் போறா?"

"அது தெரியாமத்தானே எடுக்கேன்."

ஒருங்கிணைப்பாளர் மாலையில் கூப்பிட்டு, "ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லும்மா" என்றார். பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.  மெமோ வேண்டாம் என்றார். மற்ற பள்ளிகளிலும் இதே கதைதானா என்று போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். பெரும்பாலான இடங்களில் என் டேப் பிரிக்கப்படாமல் இருந்தது. படிவங்களில் மட்டும் எல்லாருமே பயன்படுத்தியிருந்தார்கள். சாக்கில் கல் இருந்தது இந்த டீச்சரின் பள்ளி ஒன்றில்தான்.

கலந்தாய்வு அன்று மதியம் டீச்சர் போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். "கடையநல்லூரு கெடைச்சிட்டு, மேடம்."

"ரொம்ப சந்தோஷம். அந்தத் தாளை எடுத்த போட்டோவை இனி அழிச்சிடலாமே."

"அழிச்சிரலாம்" என்றார். பிறகு, "இல்ல, இருக்கட்டும். ஆர்டர் இன்னும் கையில வரலல்லா" என்றார்.