சுவரில் பதித்த வெந்நீர்ப் பானை

வாழ வந்த வீட்டின் சுவரையே இடித்தவள் என்று மார்க்கையன்கோட்டையில் இன்னமும் என்னைச் சொல்வார்கள். இடித்தேன்தான். கடப்பாரையை எடுத்து நானே இடித்தேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கென்று ஓர் உள்ளறை உண்டு. மேலே பனங்கைச் சட்டங்களைப் போட்டு மண் மெத்திய மச்சு. காற்றுக்கு இருந்தது ஒரே சன்னல், அதிலும் சாக்கைத் திணித்துவிடுவார்கள். ஆடி மாதம் எங்கள் பக்கத்துக் காற்று மலை இடுக்கில் புகுந்து வந்தால் ஆளையே தள்ளும். அது பிள்ளை பெற்ற உடம்பில் படக்கூடாதாம். அதனால் கதவைச் சாத்தி, உள்ளேயே கணப்புச் சட்டியில் கரியை மூட்டி, அதன்மேல் பானையை வைத்துக் குளிக்கத் தண்ணீர் சுட வைப்பார்கள். விறகு புகையும், கரி புகையாது, அதனால் பிள்ளைக்கு நல்லது என்பது என் மாமியாருடைய கணக்கு.

அந்த அறையில்தான் என் தலைப்பிள்ளை போனது; பெண் பிள்ளை. குளிப்பாட்டி முடித்ததும், கரி நெருப்பை அணைக்காமல், சூடு இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு மாமியார் வெளியே போனார். எனக்குத் தலை வலித்தது. எழுந்து கதவைத் திறக்க நினைத்தேன், கால் வரவில்லை. கண் விழித்தபோது முற்றத்தில் கிடந்தேன்; யாரோ முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை விழிக்கவே இல்லை. காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். நான் நெஞ்சு வெடிக்க அழுதேன், அவர்கள் சொன்னதை நம்பவும் செய்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

மலைமேல் அணை கட்டும் வேலைக்கு மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிப் போய்வந்தார் என் வீட்டுக்காரர். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"மேல கூலியாளுக குளுரு தாங்காம, குடிசையை இறுக்கச் சாத்திக்கிட்டு, கரிச்சட்டியைப் பக்கத்துல வச்சுப் படுத்திருக்காக. விடிஞ்சு பாத்தா ஒருத்தரும் எந்திரிக்கல. பொகையாட்டியும் கரி வெசந்தான்னு அங்கன எல்லாரும் பேசிக்கிறாக."

கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டேன். அவரும் சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். 

அடுத்த ஆடிக்கு என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தன் புகுந்த ஊரான தேவாரத்திலிருந்து வந்தாள். மாமியார் கரி மூட்டையை வாங்கி உள்ளறை வாசலில் சாய்த்து வைத்தார்.

"அயித்தே, இந்த வாட்டி கரி உள்ள போகாது" என்றேன்.

"பெறகு? எம்மகளைப் பச்சத்தண்ணியில குளிக்கச் சொல்றியா?"

"தண்ணி உள்ள இருக்கட்டும், நெருப்பு வெளிய எரியட்டும். சுவத்துல பானையப் பதிக்கப் போறேன்."

"வயித்துப் பிள்ளக்காரி இருக்குற வீட்டுல சுவத்தை இடிச்சா வெளங்குமா? நீ எந்தச் சீமை மகாராணிடி?"

"வெளங்குன லச்சணத்தைத்தான் நான் பாத்துட்டேனே" என்றேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி ஒப்பாரி வைத்தார். வைக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் கடப்பாரையைத் தேடினேன். என் வீட்டுக்காரர் யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் மறுநாள் வண்டி நிறையச் செங்கல் கொண்டுவந்து இறக்கினார்.

காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் கிழக்குச் சுவரில் துளை போட்டேன். அங்கே இருந்த வைக்கோல் போரைப் பொறி விழாத தூரத்துக்கு மாற்றினோம். என் பிறந்த வீட்டுச் சீராக வந்த செப்புப் பானையைச் சாய்வாகப் பதித்தேன். வாய் உள்ளே, வயிறு வெளியே, வயிற்றுக்கு அடியில் அடுப்பு. இடுக்கெல்லாம் சுண்ணாம்பு வைத்துப் பூசிக் காயவிட்டேன். பிறகு வெளி அடுப்பில் பச்சை வேப்பிலையைப் போட்டுப் புகையவிட்டு, உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். பானைக் கழுத்தோரம் நூல் மாதிரி புகை கசிந்தது. பூச்சை உடைத்து மறுபடி பூசினேன். அப்புறமும் கசிந்தது, அப்புறமும் பூசினேன். உள்ளே துளி வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை கழுவினேன். பானையில் தண்ணீர் நிரப்பாமல் யாரும் தீ மூட்டக்கூடாது, குளிக்கும்போது சன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் கறாராகச் சொன்னேன். காற்று நேரே அடிக்காமலிருக்கச் சன்னலுக்கு முன்னால் ஒரு பாயைத் தொங்கவிட்டேன்.

நாத்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சில நாள் என் பானையிலேயே குளிப்பாட்டினோம். பிறகு ஒரு நாள் காற்று பேயாக அடித்தது. நான் கிணற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்பினால் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

தள்ளிக்கொண்டு போனேன். சன்னலில் சாக்கு. நடுவில் கணப்புச் சட்டி, கரி செவசெவ என்று கனிந்து கிடந்தது. பக்கத்தில் மாமியார், மடியில் பேரன். முந்தானையைச் சுற்றிச் சட்டியைத் தூக்கிப் போய் முற்றத்தில் கவிழ்த்தேன். உள்ளங்கை வெந்துபோனது.

"பச்சப்பிள்ளைக்கு வெதுவெதுப்பு வேணாமாடி, பாவி" என்று கத்திக்கொண்டே மாமியார் பின்னால் வந்தார். தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அப்போது நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வெளியே வந்தாள். "ஆத்தா, எனக்குத் தலை வலிக்குது. கெறக்கமா வருது" என்றாள்.

"எனக்கும் மொதல்ல தலைதான் வலிச்சுச்சு, அயித்தே" என்றேன்.

மாமியார் திரும்பி மகளைப் பார்த்தார். கையிலிருந்த பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து மூச்சைப் பார்த்தார். பிள்ளை சிணுங்கியது. பிறகு முற்றத்தில் கிடந்த கரியை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு ஒம்பிள்ள..." என்று ஆரம்பித்தார். 

வாசலில் நின்ற ஒருத்தி, இல்லையென்று சொல்லிவிடு என்று எனக்குச் சைகை காட்டினாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஆமா, அயித்தே. கரிதான்" என்றேன்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் கரி வாங்கவில்லை. அந்த வயதான மனுசியிடம் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மகளைப் பேய் அடித்ததாக ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்காக நான் ஒருத்தியாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?