இரண்டாவது கட்டத்தில் என் எழுத்து

சுட்டு முடிந்த பித்தளைக் 'கோது'களின் மணம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எரிந்த தீக்குச்சியும் கையில் பொத்திவைத்த சில்லறையும் சேர்ந்தாற்போன்ற மணம் அது. வோபர்னில் நாங்கள் இருந்த வீட்டின் கராஜில் சனிக்கிழமைதோறும் அப்பா அந்தக் கோதுகளை ஒரு வட்ட இயந்திரத்துக்குள் கொட்டுவார், அது மத்தியானம் வரை கரகரவென்று அதிர்ந்து அவற்றை மினுக்கிக் கொடுக்கும். வெற்றுக் கோதில் மறுபடி வெடிமருந்தும் சன்னமும் இட்டுத் தோட்டாவாக்க அப்பா பழகத் தொடங்கிய வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது.

அவரை மான் வேட்டைக்கு இழுத்தவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் கூட வேலை செய்த டக். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள், இஞ்சயும் துவக்கோ?" என்பார். "உது மானுக்கு," என்று அப்பா சிரிப்பார்.

அப்பா கண்மூடித்தனமாக எதிலும் இறங்குகிறவர் அல்லர். தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. இரண்டு முறை சரிபார்த்து இரண்டு கையெழுத்து விழாமல் அங்கே ஒரு பெட்டியும் வெளியே போகாது. அதே பழக்கத்தில் ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தார்: மருந்தின் பெயர், அளவு, பக்கத்தில் இரண்டு கட்டங்கள். முதற் கட்டம் டக் கொடுத்த பழைய புத்தகத்துக்கு, இரண்டாவது வெடிமருந்துக் கம்பனியின் இணையப் பக்கத்துக்கு. பார்த்தவர் அந்தந்தக் கட்டத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். "யூடியூப்பில வாயடிக்கிறவனை நம்பாதை, ஒரு புத்தகத்தை மட்டும் நம்பியும் இறங்காதை எண்டு டக் படிச்சுப் படிச்சுச் சொன்னவன். ரெண்டும் ஒத்து வந்தால்தான் கை வைக்கலாம்," என்பார்.

ஆனால் அந்த இரண்டையும் வாசிக்க வேண்டியவள் நான். அப்பாவுக்கு வேலைத்தலத்து ஆங்கிலம் பேச வரும், பொடி எழுத்து ஓடாது. எங்கள் வீடுகளில் வங்கிக் கடிதமானாலும் டொக்டரின் குறிப்பானாலும் பிள்ளைதான் வாசித்துச் சொல்ல வேண்டும். விளங்காத சொல் வந்தால் விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு ரோசம். எதையாவது இட்டு நிரப்பிவிடுவேன். ஒருவரும் பிடித்ததில்லை. அந்தத் துணிவுதான் என்னைக் கெடுத்தது.

அந்தச் சனிக்கிழமை சிநேகிதியின் பிறந்தநாள். அவளுடைய அம்மாவின் கார் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் இருந்த அளவை வாசித்துச் சொல்லி முதற் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்தான 'வ'வைப் போட்டேன்.

"கம்பனியின்ரை பக்கத்தையும் பார்த்தனியோ, பிள்ளை?"

"ஓம் அப்பா, ரெண்டும் ஒண்டுதான்."

நான் கொம்பியூட்டரைத் திறக்கவே இல்லை. இரண்டாவது கட்டத்திலும் ஒரு 'வ'வைக் கிறுக்கிவிட்டு ஓடினேன்.

அடுத்த கிழமை சுடுதளத்தில் துவக்கு அப்பாவின் முகத்தருகே வெடித்துச் சிதறியது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின, வலக்கண்ணும் போயிற்று. டக் தொலைபேசியில் சொன்னதும் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினார், நான் கொம்பியூட்டருக்கு ஓடினேன். பக்கத்தின் உச்சியிலேயே சிவப்பில் இருந்தது: இந்தப் பெயரில் இப்போது விற்கும் மருந்து பழையதைவிட வீரியமானது, பழைய புத்தகங்களின் அளவைப் பாவிக்க வேண்டாம். வாசிக்க அரை நிமிடம் போதும்.

அப்பா வீடு திரும்பியபின் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பதற்றத்தில் அப்பாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. வழக்கம்போல் நடுவில் நான். அதிகாரி கொப்பியைத் தன் பக்கமாகப் பிடித்துப் புரட்டி, இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து, இணையப் பக்கத்தைப் பார்த்தது யார் என்று கேட்டார். கேள்வியை அப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

"நான்தான் பார்த்தனான், பிழை என்ரை எண்டு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். பார்த்தது அப்பாதான், பிழை அவருடையதுதான் என்று, ஒரு சொல்லும் இட்டு நிரப்பாமல், என் வாயாலேயே, ஆங்கிலத்தில். வலிக்குக் கொடுத்த குளிசையின் மயக்கத்தில் அப்பா நடந்ததை மறந்துவிட்டார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, கோழையான நானும் எடுக்கவில்லை.

பதினான்கு வருடங்கள் ஓடிவிட்டன. நாங்கள் அஜக்ஸுக்கு வீடு மாறிவிட்டோம். துவக்கும் இல்லை, இயந்திரமும் இல்லை, டக்கும் வருவதில்லை. போன மாதம் பழைய பெட்டிகளை ஒதுக்கும்போது கொப்பி கையில் அகப்பட்டது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். முதற் கட்டத்தில் என் 'வ' அப்படியே இருந்தது. இரண்டாவது கட்டத்தில் தாள் மெலியும்வரை அழித்து, அதன்மேல் அப்பாவின் பெயரெழுத்து எழுதப்பட்டிருந்தது, கோணல்மாணலாக, அப்போதுதான் இடக்கையால் எழுதப் பழகிய ஒருவரின் எழுத்தில்.

அப்பா ஒன்றையும் மறந்திருக்கவில்லை, அதிகாரி வருவதற்கு முன்பே அதை எழுதிவிட்டிருக்கிறார். என் எழுத்து அங்கே இல்லை.