கிழக்கே பார்த்த கல்

ராயபுரம் கடற்கரைச் சாலையில், துறைமுக வாசலுக்குச் சற்று முன்னால், என் மாமா ஒரு கல்லாக நின்றிருந்தார். சின்னப் பெண்ணாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அது போரில் செத்தவர்களின் கல். உச்சியில் ஒரு கிரீடம். அதன் கீழே, கடலைப் பார்த்து, வரிவரியாகப் பெயர்கள். மாமா துப்பாக்கியைத் தொட்டவரில்லை. கப்பலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரைப் பட்டாளத்துக்கு மூட்டை தூக்க பர்மாவுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தது பெயர் மட்டும், அதுவும் இங்கிலீஷில்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருமுறை காட்டிய இடத்தை அவள் விரல் மனப்பாடம் செய்துகொண்டது. கல்லறைத் திருநாளன்று ஊரே சுண்ணாம்பும் சாமந்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். உடம்பு வராத மாமாவுக்காக எங்கள் வீடு மட்டும் சாலைக்குப் போகும். அத்தை கல்லைக் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். எழுத்துகளின் மேல் ஊர்ந்து ஊர்ந்து விரல் ஓரிடத்தில் நிற்கும். அதற்கு நேர் கீழே மெழுகுவத்தி. லாரிக்காரர்கள் வைதுகொண்டே ஒதுங்கிப் போவார்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகு லாரிகள் பெருத்தன. சாலையை அகலமாக்கக் கல்லை எடுத்தாக வேண்டும் என்றார்கள். கிரீடம் வைத்த கல் நம் ஊரில் எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள். நகரத்தின் தெற்குக் கோடியில், பட்டாளத்து முகாமுக்குள் பத்திரமாக வைக்கப்போவதாக மேஸ்திரி சொன்னார். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. அத்தை மட்டும் கல்லைச் சுற்றிய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளக்காரனே மூட்ட கட்டிகினு போய்ட்டான். அவன் கல்லு ஒனக்கு இன்னாத்துக்கு யக்கா?" என்று கூலியாட்களில் ஒருவன் சிரித்தான்.

"கல்லு அவன்து. பேரு எங்கூட்டுக்காரருதுடா."

சிரிப்பு நின்றது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பேஜாரு பண்ணாதம்மா. கல்லு எங்க ஓடிடப் போவுது? இங்க எந்தப் பக்கம் பாத்துகினு கீதோ, அங்கயும் அப்டியே வெக்கச் சொல்லி ஆர்டரு."

அந்த வார்த்தையில்தான் அத்தையின் கை தளர்ந்தது. கல் எழும்பியது. நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். ஈர மணல்; ஓடி ஒளிந்த ஒரு நண்டு. மாமாவும் கல்லோடு சேர்ந்து மேலே போய்விட்டார் போலும்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு டிராமும் ரயிலும் மாறி, நடந்து, அத்தையும் நானும் அந்த முகாமின் வாசலை அடைந்தோம். பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்றான் காவலாள். கம்பிகளில் முகத்தைப் பதித்துப் பார்த்தோம். பெருக்கிய பாதை, வெட்டிய புல், அதற்கப்பால் மதிலை ஒட்டி எங்கள் கல். வழவழவென்று, மொட்டையாக, ஓர் எழுத்தும் இல்லாமல்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரை அத்தை கூப்பிட்டாள்.

"பேருங்களா? அதெல்லாம் சொவத்துப் பக்கம் கீதும்மா. கெழக்கப் பாத்து வெக்கணும்னு மேலேர்ந்து எழுதி வந்துச்சாம். இங்க கெழக்கால சொவருதான். கை நுழையாது."

"வெரலு நுழையுமா நைனா?"

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. லாரிப் புழுதியில் நின்றவருக்கு இப்போது புல்தரை, தண்ணீர் தெளிக்க ஆள், வாசலில் துப்பாக்கியோடு காவல்! "மாமா பெரிய ஆளாய்ட்டாரு இல்ல அத்தே?" என்றேன். திரும்பும் வழியெல்லாம் அதையே சொன்னேன். அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ராயபுரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைச் சாலைக்கு நடந்தாள். குழி இருந்த அடையாளமே இல்லை. தார் ஒரே வழவழப்பாகக் கிடந்தது. லாரிகள் யாருக்கும் ஒதுங்காமல் ஓடின. அவள் ஓரத்தில் கொஞ்ச தூரம் போனாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

"கல்லு எங்க இருந்துச்சு பாப்பா? இங்கியா, அந்தாண்டயா?"

இத்தனை வருஷம் வந்துபோனவளுக்குத் தெரியாதா! என்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி, "இங்க இல்ல! இன்னும் அந்தாண்ட!" என்று கத்தினேன். அவள் வந்தாள். நான் மறுபடி ஓடினேன். அவள் மறுபடியும் வந்தாள். வெளிச்சம் போகும்வரை ஆடினோம்.

அன்று ஜெயித்தது நான்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.