கிரீன் டீயும் என் புளுகும்

எங்கள் மஞ்சூர்ப் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. இப்போதெல்லாம் தகவல் தேடுவது இணையத்தில்தான். கண்டதையும் அள்ளிக்கொண்டு வருவார்கள் என்று வகுப்பில் சில கேள்விகளைச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: இதை எழுதியவர் யார், எதையாவது விற்பதற்காக எழுதினாரா, வேறு இரண்டு இடங்களிலும் இதே தகவல் இருக்கிறதா. அப்படிச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘கிரீன் டீ சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துமா?’ என்ற தலைப்போடு வந்தாள். பிரிண்ட் எடுத்த தாள்களை மேசையில் பரப்பினாள். குன்னூரில் இருக்கும் ஒரு ஆன்லைன் தேயிலைக் கடையின் பக்கத்தை அவளே பேனாவால் அடித்திருந்தாள்.

“அவங்க டீத்தூள் விக்கறவங்க டீச்சர், அதனால எடுத்துக்கலீங்க. ஆனா வேற ரெண்டு இடத்துலயும் இதேதான் போட்டிருக்குதுங்க.”

சபாஷ் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த தாளைப் படித்ததும் வாய் அடைத்துப் போயிற்று. ‘மலைப் பனியில் விளைந்த இந்த இலை, மாத்திரை செய்யும் வேலையை மென்மையாகச் செய்துவிடும்.’ அது என் வரி. இன்னொரு தாளிலும் அதே வரி, ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது.

அந்தக் கடை என் தோழியுடையது. போன கோடை விடுமுறையில், “நீ சயின்ஸ் டீச்சருதானே, நீயே அழகா எழுதிக் குடு” என்றாள். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். எந்த ஆராய்ச்சியையும் திறந்து பார்க்கவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் அது உண்மையா என்று யோசிக்கவே தோன்றவில்லை. கடைப் பக்கத்திலிருந்து யார் யாரோ அதைச் சுட்டுத் தங்கள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெண் நான் சொன்னபடியே எல்லாவற்றையும் சரிபார்த்து, கடைசியில் என் புளுகிடமே வந்து சேர்ந்திருந்தாள்.

“இந்தத் தலைப்பை எதுக்கும்மா எடுத்தே?”

“அப்பாவுக்குச் சர்க்கரைங்க டீச்சர். இதைப் படிச்சுக் காட்டுனதுல இருந்து மாத்திரைய நிறுத்திட்டாருங்க. கிரீன் டீதான் குடிக்கறாரு. அதையே புராஜெக்டா பண்ணிரலாம்னுதானுங்க.”

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் பன் நேற்றையதா இன்றையதா என்று அவரிடம் கறாராகக் கேட்டு வாங்குகிறவள் நான். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தான் காரணம்.

அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியது நான்தான், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று. அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

உடனே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, மாத்திரைய நிறுத்தக் கூடாதுங்க. இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. பொண்ணு படிச்சுக் காட்டுனதை நம்பாதீங்க. அதை எழுதுனதே நான்தானுங்க.”

அந்தப் பக்கம் டீ கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது.

“டீச்சரு எழுதுனதுங்களா?” என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. “அது தெரியாம இத்தனை நாளா கொஞ்சம் சந்தேகத்தோடவே குடிச்சிட்டிருந்தேனுங்க.”